பண்டாரத்தைத் திறந்து வைத்தல்

அன்றாட உதவிக்கான பாடங்களில் மிகத் தெளிவான ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு திருட்டு வழக்கில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அதை இடங்கழி நாயனாரின் வரலாறாகச் சொல்கிறது. இடங்கழியார் கொடும்பாளூரில் இருந்து கோனாட்டை ஆண்ட வேளிர் குல அரசர். அவருடைய நாட்டில் ஒருவர் சிவனடியார்களுக்கு நாள் தவறாமல் சோறிட்டு வந்தார். ஒரு நாள் அவர் வீட்டில் நெல் தீர்ந்துபோனது, வெளியிலும் கிடைக்கவில்லை. இரவில் அரசரின் நெற்பண்டாரத்தில் புகுந்து நெல் எடுத்தார், காவலரிடம் சிக்கினார். அரசர் முன் நிறுத்தப்பட்டபோது, பண்டாரத்தில் ஏன் கை வைத்தாய் என்ற கேள்வி வந்தது. அடியாருக்கு அமுது படைக்க வழியில்லாததால் அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். அரசர் அவரை விடுவித்தார். அதோடு நிற்கவில்லை. நெற்பண்டாரத்தையும் மற்ற நிதிப் பண்டாரங்களையும் அடியார்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரெங்கும் பறையறைவித்தார்.

கதையைப் பக்திக்காகப் படிப்பவர்கள் மன்னிப்பைப் பெரிதாகப் பேசுவார்கள். உதவி செய்யும் வழியைத் தேடிப் படிப்பவருக்கு வேறு இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, தண்டனைக்கு முன்னால் வந்த கேள்வி. அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால் பிடிபட்டவர் வெறும் திருடர்தான். இரண்டு, பறை. பிடிபட்டவருக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றைய பசி தீர்ந்திருக்கும், அடுத்த மாதம் இன்னொருவர் சுவரேறியிருப்பார். அரசர் ஏற்பாட்டையே மாற்றினார். ஆபத்தில் பாய்ந்து உதவுவதைத்தான் ஊர் வீரம் என்கிறது. அந்த வீரம் நிலைப்பது முன்கூட்டிச் செய்துவைத்த ஏற்பாட்டில்தான்.

கேட்க முடியாதவர்கள்

கதையில் யாரும் எடுத்துப் பேசாத ஒரு புள்ளி உண்டு. நாள்தோறும் சோறு போட்டவர் அரசரிடம் போய்க் கேட்டிருக்கலாம். அவர் சுவரேறினார், கேட்கவில்லை. கொடுத்துப் பழகிய கைக்கு ஏந்துவது கடினம். எல்லா ஊரிலும் தேவை மிகுந்தவர்களில் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். நேற்றுவரை நாலு பேருக்கு வேலை கொடுத்த கொத்தனார், மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்ட தாய், மருத்துவச் செலவில் நகை எல்லாம் அடகுக்குப் போன குடும்பம். இவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், கூச்சம் இல்லாதவர்களுக்குத்தான் உதவி போய்ச் சேரும்.

ஆகவே உதவுபவர் அடையாளங்களைப் படிக்கப் பழக வேண்டும். கடையில் கிலோ கணக்கில் வாங்கியவர் நூறு கிராம், ஐம்பது கிராம் என்று வாங்கத் தொடங்குகிறார். பள்ளிக்கு ஒழுங்காக வந்த பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை. கல்யாண வீட்டுக்கு வரவேண்டியவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புகிறார். மொய் வைக்கக் காசு இல்லாதவர் சொல்லும் முதல் பொய் அது.

மொய் என்றதும் இந்த மாவட்டத்தின் சொந்த முறை ஒன்றைச் சொல்லாமல் முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும், அதை அடுத்த தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறது. பணம் தேவைப்படும் குடும்பம் பத்திரிகை அடித்து விருந்து வைக்கும். வருபவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் ஏறும். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவது வழக்கம். வட்டி என்ற சொல்லே அங்கே வராது. தொகைகள் பெருகி, திருப்பி எழுத முடியாமல் குடும்பங்கள் திணறுவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த முறையின் அடிப்படையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாங்குகிறவர் கையேந்தவில்லை, இலை போட்டு உபசரிக்கிறார். தலை நிமிர்ந்தபடியே பணம் வாங்க வழி செய்த ஏற்பாடு இது.

தனி மனிதரும் இதே நுட்பத்தைக் கையாளலாம். இனாமாகக் கொடுத்தால் வாங்க மறுப்பவர், “அறுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்” என்றால் வாங்கிக்கொள்வார். அரிசியைக் கையில் கொடுப்பதைவிட, மளிகைக் கடைப் பாக்கியைச் சத்தமில்லாமல் அடைப்பது மேல். பள்ளிக் கட்டணத்தைப் பெற்றோரிடம் தராமல் பள்ளியிலேயே கட்டிவிடலாம். கொடுக்கும்போது போட்டோ எடுப்பது தவிர்க்கப்பட வேண்டிய பழக்கம். நன்கொடைக்குக் கணக்கு காட்ட ரசீது போதும், வாங்கியவரின் முகம் தேவையில்லை.

சாலையில் முதல் பத்து நிமிடம்

கொடும்பாளூர் பழங்காலம் முதலே வழிப்போக்கர்களின் ஊர். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி இங்கே மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்த வழிகளைப் பற்றிக் கேட்டறிந்தே மேலே நடந்தார்கள். இன்று விராலிமலையைத் தாண்டி வரும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. வழி சொல்லும் வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. சாலையோர ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியிருப்பது விபத்தில் கிடப்பவரைத் தூக்கிவிடும் வேலை.

தூக்கிவிடுவது என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. அடிபட்டவரை நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பதுதான் பழைய வழக்கம். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்தத் தூக்கலிலேயே கைகால் நிரந்தரமாகச் செயலிழந்துபோகலாம். தீயோ வண்டி மோதும் அபாயமோ இல்லாதபோது அவரைக் கிடந்த இடத்திலேயே அசையாமல் வைத்திருப்பதுதான் சரி. முதல் வேலை சாலையைப் பார்ப்பது. சொந்த வண்டியை ஓரம் கட்டி, நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்குச் சைகை காட்ட ஒருவரை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாததால் உதவப் போனவர்கள் அடிபட்டு இறந்த விபத்துகள் நெடுஞ்சாலைகளில் புதிதல்ல.

அடுத்தது 108. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய இந்தச் சேவைக்குப் போன் செய்பவர்கள் பதற்றத்தில் இடத்தை மட்டும் சரியாகச் சொல்வதில்லை. “விராலிமலை பக்கத்தில்” என்றால் ஓட்டுநருக்கு ஒன்றும் புரியாது. வண்டி மதுரை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா என்பதை முதலில் சொல்ல வேண்டும். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் பக்கம் மாறினால் சில கிலோமீட்டர் சுற்றி வர நேரும். பிறகு கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், அருகிலுள்ள பெட்ரோல் பங்க் அல்லது பாலம், பூதகுடி டோல்கேட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவை. எத்தனை பேர் அடிபட்டார்கள், யாருக்காவது மூச்சு இல்லையா என்பதும் தேவை. தேசிய நெடுஞ்சாலைக்கென்றே 1033 என்ற எண்ணும் உண்டு. போலீஸ், தீயணைப்பு எதற்கும் 112.

ஆம்புலன்ஸ் வரும்வரை செய்யக்கூடியவை சிலதான். ரத்தம் கொட்டும் இடத்தில் துண்டையோ சேலைத் தலைப்பையோ மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற முயல வேண்டாம், மூச்சு அடைபட்டிருந்தால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் மெல்லக் கழற்றலாம். நினைவு தப்பிக் கிடந்து மூச்சு இருந்தால், கழுத்து திருகாதபடி உடலை ஒன்றாக ஒருக்களித்து வைத்தால் நாக்கோ வாந்தியோ தொண்டையை அடைக்காது. மூச்சே இல்லையென்றால், மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, ஒருமுறையாவது பொம்மையில் பழகியிருக்க வேண்டும்.

செய்யக்கூடாததில் முதன்மையானது சோடா. மயங்கியவர் வாயில் சோடா ஊற்றுவது தமிழ்நாட்டின் சாலையோர வைத்தியம். நினைவு தப்பியவரால் விழுங்க முடியாது, ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இதற்கு உடன்பிறப்பு. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக நிற்கும், சாவி கொடுத்த நேரமும் அதுவாக இருப்பதால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. தலைக்கடியில் துணி வைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

உதவ வருபவர்களைத் தடுப்பது போலீஸ், கோர்ட் என்ற பயம். இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் வந்துவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உத்தரவு மூலம் வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவர் காயத்துக்காகவோ இறப்புக்காகவோ வழக்குப் போட முடியாது. 2020-இல் வந்த விதிகளின்படி அவர் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். மருத்துவமனை அவரை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. பணம் பற்றிய தயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் தனிப் பதில் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது அதற்கான உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துவைத்து ஊரில் சொல்பவர், சாலைக்கே போகாமல் உயிர் காக்க வழி செய்கிறார். உதவியவருக்கு மத்திய அரசு வெகுமதியும் தருகிறது. 2021-இல் 5,000 ரூபாயாக இருந்தது 2025-இல் 25,000 ஆனது.

பாம்பும் தண்ணீரும்

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் நாடு. வயலும் வரப்பும் உள்ள இடத்தில் பாம்பும் உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவான மாற்றுமருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். கட்டுவிரியன் கடி பலநேரம் இரவில், தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் நடக்கும். வலியும் வீக்கமும் குறைவாக இருப்பதால் எறும்பு கடித்தது என்று விட்டுவிடுவார்கள். விடியும்போது இமை தூக்க முடியாமல் போகும். உதவுபவர் அறிய வேண்டியது சுருக்கமானது. கடிவாயைக் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துவரப் போய் இன்னொருவர் கடிபடுவது வீண்.

தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றுவதில் துணிவைவிட ஒரு முழக் கயிறு பெரிது. மூழ்குபவர் கையில் அகப்பட்டவரை இறுகப் பற்றுவார், நீச்சல் தெரிந்தவரும் அந்தப் பிடியில் சேர்ந்து மூழ்குவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஆதனூரைச் சேர்ந்த மூன்று பெண்கள், உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசினார்கள். இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள், மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் மூவருக்கும் தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. மானத்தை ஒரு நொடி ஒதுக்கிவைத்த அவர்களின் துணிவை எல்லோரும் பாராட்டினார்கள். அதே நொடியில் வேலை செய்த அவர்களின் அறிவும் கவனிக்க வேண்டியது: எட்டாத தூரத்துக்கு எட்டும் ஒன்றை வீச வேண்டும் என்று தோன்றியதே, அது. ஊர்க் கண்மாயிலும் கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களிலும் கரையில் ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் குடமும் கட்டிவைத்திருந்தால் சேலைக்குத் தேவையிராது.

மனுவும் கைரேகையும்

உயிர் போகும் தருணங்கள் ஆண்டில் ஒன்றிரண்டு. படிவம் நிரப்பத் தெரியாமல் தடுமாறுபவர்கள் அன்றாடம் உண்டு. முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பவர், ரேஷன் கடையில் தேய்ந்த கைரேகை பதியாமல் திரும்பும் கிழவி, வாரிசுச் சான்றுக்கு அலையும் கைம்பெண், வங்கிக் கணக்கு முடங்கிப் போனவர். இங்கே தேவைப்படுவது ஒரு மணி நேரமும் ஒரு பேனாவும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது எண் தருவார்கள். அந்த எண்ணைப் பத்திரப்படுத்தி, பின்தொடர்ந்து கேட்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மனுவில் கதை கூடாது. பெயர், ஊர், என்ன கேட்கிறார், எப்போது விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்று ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.

இந்த வகை உதவியில் சறுக்கலும் எளிது. மூலச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, நகல் போதும். ஏடிஎம் ரகசிய எண்ணை உரியவரே சொன்னாலும் கேட்டுக்கொள்ளக் கூடாது. டீச்செலவுக்கு என்று வாங்கும் இருபது ரூபாய் அடுத்த வருடம் கமிஷனாகிவிடும். இணையவழியில் பணம் பறிபோனதாக யாராவது சொன்னால், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே 1930-க்குப் போன் செய்ய வைக்க வேண்டும். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும்முன் சொன்னால்தான் முடக்க முடியும்.

ஐம்பது இலைக் கணக்கு

கொடும்பாளூர் மூவர்கோயிலில் இன்று இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசர் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரிலும் இவற்றை எடுத்ததைச் சொல்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு அவர் ஒரு பெரிய மடத்தையும், ஐம்பது துறவியர் உண்பதற்காகப் பதினொரு ஊர்களையும் கொடுத்தார். எத்தனை இலை என்பதும், அதற்கு எங்கிருந்து நெல் வரும் என்பதும் சேர்த்தே எழுதப்பட்ட தர்மம் அது. இடங்கழியார் எல்லாவற்றையும் திறந்துவிட்டார், விக்கிரமகேசரி எண்ணிக் கொடுத்தார். மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் இரண்டாமவரின் கணக்கே பொருந்தும். மாதம் ஒரு குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி என்றால் ஒரு குடும்பம்தான். பொங்கலுக்கு ஐம்பது பேருக்கு வேட்டி கொடுத்துவிட்டு மாசியில் கடன் வாங்குபவரால் அடுத்த பொங்கலுக்கு யாருக்கும் பயனில்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிவதற்கு, நெல்லும் அரிசியும் பல கைகளிலிருந்து சிறிது சிறிதாக வந்துகொண்டே இருப்பதுதான் காரணம்.

உதவுபவரே தேவைப்படாத நிலைக்குக் கொண்டுபோய் விடும் உதவியும் உண்டு. அதற்கான சான்று இதே மாவட்டத்தில் கிடைக்கிறது. 1991-இல் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கூலியில்லாத் தொண்டர்கள் மாலை நேரங்களில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் வேலை செய்த பெண்கள்வரை அந்தக் காற்று வீசியது. பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். சைக்கிள் கற்ற பெண் தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுத்தவரின் பெயர் பல இடங்களில் மறந்தே போயிற்று.

இன்றைய ஊருக்கு ஏற்ற சிறு பண்டாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கும். ராத்திரியில் எழுப்பினால் வண்டி எடுப்பவர் யார், முதலுதவி பழகியவர் யார், எந்த வகை ரத்தம் யாரிடம் இருக்கிறது, தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில், அவர்கள் பிள்ளைகளின் போன் எண் என்ன. ரத்தம் கொடுப்பவர் 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோ எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதால் கடைசியாகக் கொடுத்த தேதியையும் பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும். எழுதப்படுபவரின் சம்மதம் கேட்டே எழுத வேண்டும். நோட்டின் ஒரு படி டீக்கடையிலும் இன்னொன்று ரேஷன் கடைக்காரரிடமோ தலைமையாசிரியரிடமோ இருப்பது நல்லது, ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் கையில் கிடைக்கும். போன் எண்கள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே தையிலும் ஆடியிலும் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.